இஞ்சினை இறக்காமலே பெயின்ட் அடிக்கலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. "இஞ்சினுக்குப் பெயின்ட் என்றால் கீழே இறக்கித்தான் அடிக்கணும், மற்றதெல்லாம் ஒப்பேற்றுகிற வேலை" என்பது ஒரு கட்சி. "வண்டியில் இருக்கிறபடியே அடித்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குத்தான் மரியாதை அதிகம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு இரண்டாவது கட்சி சொல்வதே நியாயம்.

உதாரணத்துக்கு நம்ம ஊர் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் தயாரித்தார்கள். 948 சிசி இஞ்சின். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதன் பானெட் வெறும் மூடி அல்ல. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்! கிளட்ச் மாற்றக்கூட இஞ்சினை இறக்க வேண்டாம், கியர்பாக்ஸை காருக்குள்ளிருந்தே வெளியே எடுத்துவிடலாம். இவ்வளவு வசதி இருக்கிற வண்டிக்கு வெறும் நிறத்துக்காக செயின் பிளாக் கட்டுவானேன்?

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பழைய மினியில் இஞ்சின் குறுக்கே படுத்திருக்கும், அதன் அடியிலேயே கியர்பாக்ஸ். பாதி இடத்தில் விரல்கூட நுழையாது. அங்கே முதல் கட்சியோடு சண்டை போட முடியாது.

இஞ்சினை இறக்குவதில் கூலி மட்டும் செலவல்ல. ரேடியேட்டர், ஹோஸ், வயர், பெட்ரோல் பைப், சைலன்சர் பைப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். ஐம்பது அறுபது வருஷத்து போல்ட் ஸ்பேனர் வைத்ததும் முறியும். இத்தனை நாள் ஒழுகாமல் இருந்த ஹோஸ், தொட்ட பாவத்துக்கு வெடிக்கும். அந்தச் சாமான் கிடைக்கிறவரை இஞ்சின் ஒரு மூலையில், வண்டி ஒரு மூலையில். அப்படிப் பிரிந்தவை சில சமயம் சேர்வதே இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி, பெயின்ட் ஆசையால் ஷெட்டில் தூங்கிப்போவதுதான் இதில் உள்ள பெரிய நஷ்டம்.

காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இஞ்சினை இறக்கி பேரிங், பிஸ்டன் எல்லாம் மாற்றுவது முதலினச் செலவு. அப்படி எப்படியும் இறக்குகிறபோது கூடவே பெயின்டும் அடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். துருவை மறைத்து அழகுபடுத்துவது வருவாயினச் செலவு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் முதல் வருஷ அக்கவுண்ட்ஸ் பேப்பரிலேயே மார்க் போய்விடும் :-)

வேலை என்னவோ பெயின்டில் இல்லை, சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. முதலில் பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துவிட வேண்டும். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கார்பரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அப்புறம் மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை. அந்த மண்ணெண்ணெய்ப் பசையும் போக டீகிரீஸர் போட்டுக் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் பசை ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் தோல் உரிவதுபோல் உரியும். வயர் பிரஷ் போடும்போது கவனம் வேண்டும், உதிர்கிற தூள் இஞ்சினுக்குள் போனால் அழகு போய் ஆபத்து வரும். (பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அவற்றை உலர்வாகச் சுரண்டவே கூடாது.)

ஸ்பிரே அடித்தால் பக்கத்து வயர், பைப் எல்லாவற்றுக்கும் அலுமினியம் ஃபாயில் சுற்ற வேண்டும். சின்ன பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு மூன்று கோட் கொடுப்பது இன்னும் சுலபம், வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் பிரஷ் கோடு தெரியாது. சாதாரண இஞ்சின் எனாமல் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பிளாக்குக்கு அது தாராளம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அது போதாது, அதற்கென்றே உள்ள 600 டிகிரிக்கு மேல் தாங்குகிற பெயின்ட் வேண்டும். இதைக் கவனிக்காதவர்களின் வண்டியில் முதல் பயணத்திலேயே புகை கிளம்பும்.

நிறம்? பழையது எந்த நிறமோ அதுவே. செவர்லே வி8-க்கு ஆரஞ்சு எப்படி அடையாளமோ, ஃபெராரி டெஸ்டா ரோஸாவுக்கு அந்தப் பெயரே இஞ்சின் மேல்மூடியின் சிவப்பிலிருந்து எப்படி வந்ததோ, அப்படி ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று உண்டு.

முதல் கட்சி கேட்கிற கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிளாக்கின் பின்பக்கம் பெயின்ட் படாதே என்பது அல்ல அது, அதைப் பார்க்கிறவர் யார்? ஆயில் ஒழுகுவதை மறைக்கத்தானே அடிக்கிறீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. விற்பதற்கு முந்தின வாரம் அடிக்கிற பெயின்ட் பெரும்பாலும் அந்த ரகம்தான். இருப்புநிலைக் குறிப்பில் செய்தால் அதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். ராக்கர் கவர் கேஸ்கட், டைமிங் கவர் சீல், சம்ப் கேஸ்கட் இவற்றை முதலில் மாற்றி, ஒழுகல் நின்றதா என்று சில நாள் ஓட்டிப் பார்த்து, அதன்பிறகு அடிக்கிற பெயின்ட் வேறு. அது எதையும் மறைக்காது. வெளிர்நிறப் பெயின்டாக இருந்தால் அடுத்த ஒழுகலைக் காட்டியே கொடுத்துவிடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இஞ்சின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கட்டும்.