நிறுத்தத் தெரிந்த கணினி

2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட் கிளம்ப 5 விநாடி இருக்கையில், ஏவுதளக் கணினி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தியது. கண்காணிப்பில் நேர்ந்த பிசகுதான் காரணம் என்றார் அன்றைய இஸ்ரோ தலைவர் சோம்நாத். சரிசெய்து காலை 10 மணிக்கு ஏவிவிட்டார்கள். என்னைக் கேட்டால், சந்தேகம் வந்தால் நிற்கிற இயந்திரமே நல்ல இயந்திரம். அதே மாதிரி, அழுத்தம், சூடு, வால்வு நிலை எல்லாவற்றையும் திரையில் காட்டும் ஸ்காடா என்னும் கணினிக் கண்காணிப்பு அமைப்பு பால் குளிரூட்டும் ஆலைக்கும் வேண்டியதுதான். 2020 ஆகஸ்டில் சித்தூர் மாவட்டப் பால் ஆலை ஒன்றில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கருவி மட்டும் போதாது; உற்பத்தி கெடுகிறதென்று அலாரத்தை அமுக்கிவைக்கும் பழக்கத்தை (எந்த ஊரில்தான் இல்லை?) முதலாளிகள் முதலில் விடட்டும்.