எழும்பும்போது வரும் தலைச்சுற்று

ஸுப்ஹுக்கு எழும்பியதும் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உம்மாமார் பல வீடுகளில் இருக்கிறார்கள். “பிரஷர் கூடிப்போச்சு” என்று சொல்லி, குளிசை ஒன்றை மேலதிகமாகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. சகோதரிகளே, எழும்பும் வேளையில் வரும் தலைச்சுற்றுக்கு அநேகமாகக் காரணம் பிரஷர் கூடுவதல்ல, குறைவதுதான்! அந்த நேரத்தில் இன்னொரு குளிசை போட்டால் என்னவாகும்?

படுத்திருந்து எழுந்து நின்றதும் அரை லீற்றருக்கும் அதிகமான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, அமுக்கமும் சரிகிறது. இதைக் கண்டுபிடிக்க அல்லாஹ் காவலாளிகளை வைத்திருக்கிறான். கழுத்தின் இருபுறத்து நாடிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியிலும் உள்ள நுண்ணிய நரம்பு முனைகளே அவை. ஒவ்வொரு துடிப்புக்கும் நாடிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து மூளைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அறிவிப்புக் குறைந்தால் மூளையின் அடிப்பகுதி விஷயத்தைப் புரிந்துகொண்டு பரிவு நரம்புத் தொகுதியை முடுக்கிவிடுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அமுக்கம் பழைய நிலைக்கு வருகிறது. எல்லாம் சில விநாடிகளில்! (பயந்தால் நெஞ்சு படபடப்பதும் இதே நரம்புகளால்தான்.)

வயது போகப் போக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. நாட்பட்ட சீனி வருத்தம் அந்த நரம்புகளையே பழுதாக்கிவிடும். சிறுநீரைக் கூட்டும் குளிசைகள், சில பிரஷர் குளிசைகள், வயிற்றோட்டம், நோன்பில் உடலின் நீர் குறைதல் ஆகியனவும் சேர்ந்தால் விழுவதற்கு ஒரு கணம் போதும். இடுப்பெலும்பு முறிந்த மூத்தம்மாவைப் பராமரித்த வீட்டாருக்கு அந்த ஒரு கணத்தின் விலை தெரியும்.

ஆகவே, விழித்ததும் துள்ளி எழும்ப வேண்டாம். கட்டில் ஓரத்தில் சற்று இருந்து, பாதங்களை அசைத்து, எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஸுஜூதிலிருந்து எழும்போதும் அவசரம் வேண்டாம். முடியாதவர்கள் இருந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. குளிசையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கிளினிக்கில் தலைச்சுற்றைச் சொல்லி, படுத்திருக்கும்போதும் நின்றபின்னும் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டர் மருந்தை மீளப் பார்ப்பார். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ அது வேறு விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மயங்கி விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் இருத்துவது நம் வீடுகளில் வழக்கம். அது பிழை. அடிபடவில்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.