ஊசியை எறிந்து விடாதீர்கள்!

"சர்க்கரை வியாதிக்குப் புது வைத்தியம் வந்துவிட்டதாமே! இனி ஊசியே வேண்டாமாமே!"

இப்படி யாராவது சொன்னால், அப்படியே நம்பி விடாதீர்கள். பொய் என்று தள்ளியும் விடாதீர்கள்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் கடுகைவிடச் சிறிய திட்டுகள் உண்டு. 1869-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லாங்கர்ஹான்ஸ் அவற்றைக் கண்டறிந்தார். இன்சுலின் சுரப்பது இந்தத் திட்டுகள்தான்.

சிலருக்கு, நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் படையே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்து விடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை! இதுதான் முதல் வகைச் சர்க்கரை வியாதி. குழந்தைகளுக்கும் வரும். இவர்கள் உயிர் வாழ இன்சுலின் வேண்டும்.

புது வைத்தியம் எது?

இறந்தவர் ஒருவரின் கணையம் தானமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து திட்டுகளைப் பிரித்து எடுக்கிறார்கள். நோயாளியின் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அவை கல்லீரலில் தங்கி, இன்சுலினைச் சுரக்கின்றன.

கனடா நாட்டின் எட்மண்டன் நகரில், டாக்டர் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் 7 பேருக்கு இதைச் செய்தார்கள். 7 பேரும் ஊசியை விட்டார்கள்! 2000-ல் இந்தச் செய்தி வந்ததும் உலகமே வியந்தது.

ஆனால், பிறகு நடந்தது என்ன?

அங்கே சிகிச்சை பெற்ற பலரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 5 ஆண்டுக்குப் பிறகும் ஊசி இல்லாமல் இருந்தவர்கள், 100-க்கு சுமார் 10 பேர்தான்! மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் திட்டுகள் ஓரளவு வேலை செய்தன. திடீர் மயக்கம் குறைந்தது. அதுவும் பெரிய நன்மைதான்.

விலை உண்டு

வந்த திட்டுகளை உடல் அன்னியமாக நினைத்து அழிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத் தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்தினால் தொற்று நோய்கள் எளிதில் வரும். ஒருவருக்கே இரண்டு கணையங்கள்கூடத் தேவைப்படலாம். தானம் தருவோரோ குறைவு.

அமெரிக்க அரசு 2023-ல் இதற்கு அனுமதி தந்தது. யாருக்கு? சர்க்கரை அடிக்கடி அபாயமாக இறங்கி அவதிப்படும் பெரியவர்களுக்கு மட்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அல்ல.

என் கருத்து

இந்த ஆராய்ச்சி வளர வேண்டும். உறுப்பு தானமும் பெருக வேண்டும். ஆனால் "பூரண குணம்" என்று ஆசை காட்டுவது தவறு.

1922 ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகள் நீண்ட நாள் பிழைத்ததில்லை. அந்த ஊசிதான் இன்றும் உயிர் காக்கிறது.

மேகம் கூடியதைப் பார்த்துக் குடத்துத் தண்ணீரைக் கொட்டுவார்களா?

தாய்மார்களே! ஊசிக்கு அழும் பிள்ளையை அணைத்துக் கொள்ளுங்கள். மிட்டாய் தராமல், கதை சொல்லித் தேற்றுங்கள். ஆனால், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தாதீர்கள்!