தாத்தாவின் காரை விற்கிறார்கள்!

அமெரிக்க நாட்டில் அடிக்கடி நடக்கும் காட்சி இது.

ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு வீடு. வீட்டை ஒட்டி ஒரு கார் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பெரிய கார், துணி போர்த்தியபடி நிற்கிறது.

தாத்தா இறந்துவிட்டார். பாட்டிக்குக் கார் ஓட்ட முடியாத வயது. பிள்ளைகள் வெளியூர்களில் வேலை பார்க்கிறார்கள். காரியங்கள் முடிந்தபின் எல்லோரும் கொட்டகைக்கு வருகிறார்கள். மகன் துணியை இழுக்கிறான். கார் "பளிச்" என்று மின்னுகிறது!

"அப்பா நினைவாக வைத்திருப்போம்" என்கிறாள் மகள்.

"யார் பார்த்துக்கொள்வது? விற்றுவிடலாம்" என்கிறான் மகன்.

"பழைய காருக்குப் பெரும் பணம் தருகிறார்களாமே!" என்கிறான் பேரன்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. கண்களைத் துடைத்துக்கொள்கிறார்.

விற்கலாமா? விற்பதென்றால் எப்படி விற்பது? இது ஒரு வீட்டின் கேள்வி அல்ல. ஆயிரக்கணக்கான வீடுகளின் கேள்வி. இதில் பணம் இருக்கிறது. நாணயமும் இருக்கிறது. வாங்குகிறவரின் உயிரும் இருக்கிறது!

என்ன கார்?

உதாரணத்துக்கு ஒரு காரைப் பார்ப்போம். அதன் பெயர் "செவர்லெட் பெல் ஏர்". 1957-ம் ஆண்டு வந்த கார்.

இது "செடான்" வகை. அதாவது, மூடிய கூரை. நான்கு கதவுகள். முன்னால் ஒரு நீளமான இருக்கை. பின்னால் ஒரு நீளமான இருக்கை. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆறு பேர் தாராளமாக உட்காரலாம்.

பின்புறம் இரண்டு பக்கமும் மீனின் துடுப்பைப் போலத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் வெளியே தெரியாது. இடது துடுப்பின் ஓரத்தில் உள்ள பளபளப்பான பட்டையைத் திறந்தால்தான் தெரியும்!

அன்று அதன் விலை சுமார் 2,300 டாலர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1956-ல், ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடு முழுவதும் 41,000 மைல் நீளத்துக்குப் பெரிய சாலைகள் போடுவது என்பது அந்தச் சட்டம். சாலை வந்தது. குடும்பங்கள் காரில் ஊர் ஊராகப் போயின. அந்தக் காலத்தின் அடையாளம்தான் இந்தக் கார்.

செவர்லெட் என்பது தமிழ்நாட்டுக்கும் புதிய பெயர் அல்ல. அதைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ம் ஆண்டிலேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. அந்த நாளில் தமிழ்நாட்டில் காரைப் "பிளஷர்" என்று சொல்வார்கள். தெருவில் பிளஷர் வந்தால் குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள்!

கதவு கூடினால் விலை குறையும்!

இனி விலைக்கு வருவோம்.

தொலைக்காட்சியில் பழைய கார் ஏலத்தைக் காட்டுகிறார்கள். லட்சம் டாலர் என்று கூவுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "நம் காருக்கும் அதே விலை" என்று பேரன் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு தப்பு.

1957-ம் ஆண்டில் பெல் ஏர் காரைப் பல விதமாகச் செய்தார்கள். கூரையை மடக்கித் திறக்கும் கார் 50,000-க்கும் குறைவு. நான்கு கதவு செடான் 2½ லட்சத்துக்கும் அதிகம்.

குறைவாக இருப்பதற்குத்தான் கிராக்கி. அதோடு, பழைய கார் சேர்ப்பவர்கள் இரண்டு கதவுக் காரைத்தான் விரும்புகிறார்கள். ஓட்டம் ஒன்றுதான். முகம் ஒன்றுதான். துடுப்பும் ஒன்றுதான். ஆனாலும் குடும்பக் கார் குறைந்த விலைக்குத்தான் போகும்.

ஆகவே விலை கேட்கும்போது அதே ஆண்டு, அதே வகை, அதே கதவு, அதே நிலையில் உள்ள கார் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். ஆசையைப் பார்த்து விலை சொன்னால் கார் கொட்டகையிலேயே கிடக்கும்.

புதைத்த கார் என்ன ஆயிற்று?

"அப்படியானால் விற்கவே வேண்டாம். பூட்டி வைப்போம்" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் துல்சா நகரத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

துல்சா, ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலம் பிறந்து 50 ஆண்டுகள் ஆனதை 1957-ல் கொண்டாடினார்கள். அப்போது புத்தம் புதிய "பிளிமத் பெல்விடியர்" கார் ஒன்றைச் சிமெண்டு அறைக்குள் வைத்து, பூமிக்குள் புதைத்தார்கள். 50 ஆண்டு கழித்து எடுப்பது என்று ஏற்பாடு. 2007-ல் ஊரின் ஜனத்தொகை என்ன என்று ஒரு போட்டி. சரியாகவோ, கிட்டத்தட்டவோ சொல்பவருக்கு அந்தக் கார் பரிசு!

2007-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி. ஆயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள். காரை வெளியே எடுத்தார்கள். போர்த்தியிருந்ததை விலக்கினார்கள்.

அந்தோ! தண்ணீர் அறைக்குள் புகுந்திருந்தது. கார் முழுவதும் துரு! புதிய கார் பழைய இரும்பாகக் கிடந்தது. போட்டியில் வென்றவரும் உயிரோடு இல்லை. 1979-லேயே இறந்துவிட்டார். பரிசு அவருடைய சகோதரிகளுக்குப் போயிற்று.

பூட்டி வைப்பது வேறு. காப்பாற்றுவது வேறு. ஓடாத காரில் பெட்ரோல் கெட்டுப்போகும். ரப்பர் காய்ந்து வெடிக்கும். டயர் ஒரு பக்கமாக அமுங்கும். எலி இருக்கைக்குள் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் காரை வைத்திருப்பது பாசம் ஆகாது. காரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதாகும். பார்த்துக்கொள்ளும் கைக்கு அதைக் கொடுப்பதே பாசம்.

பெயிண்ட் அடிக்காதே!

விற்பது என்று முடிவு செய்ததும் பலர் செய்யும் முதல் தவறு, புதுப் பெயிண்ட் அடிப்பது!

2013-ம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில் ஓர் ஏலம் நடந்தது. அங்கே செவர்லெட் கடை வைத்திருந்தவர் லாம்பிரெக்ட் என்பவர். விற்காமல் மிஞ்சிய புதுக் கார்களையும், மாற்றிக்கொள்ள வந்த பழைய கார்களையும் அவர் அப்படியே வைத்துவிட்டார். சுமார் 500 வண்டிகள் சேர்ந்துவிட்டன!

வெளியே மரத்தடியில் கிடந்தவை துருப்பிடித்தன. உள்ளே நின்றவை தூசியோடு தப்பின. அவற்றில் 1958-ம் ஆண்டு சிறிய லாரி ஒன்று. அது ஓடிய தூரம் ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்! அது 1 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று.

காரணம் என்ன? யார் கையும் படாத அசல் நிலை. பெயிண்டைப் பத்து முறை அடிக்கலாம். ஆனால் கம்பெனி அடித்த பெயிண்ட் ஒரே முறைதான். சிறிய கீறலோடு அசல் பெயிண்ட் இருந்தால், அதைத்தான் விவரம் அறிந்தவர் தேடுகிறார். கழுவித் துடைத்தால் போதும்.

தாத்தா வைத்திருந்த காகிதங்களையும் குப்பையில் போடக்கூடாது. வாங்கிய ரசீது, பழுது பார்த்த சீட்டு, எண்ணெய் மாற்றிய குறிப்பு, பழைய போட்டோ எல்லாம் காரின் ஜாதகம்!

மீட்டர் பொய் சொல்லும்!

இனிதான் முக்கியமான விஷயம். அதுதான் நாணயம்.

அந்தக் காலத்துக் காரில் மைல் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 மைல் வரை காட்டும். அதற்கு மேல் ஒரு மைல் ஓடினால் மறுபடியும் பூஜ்யம். மீட்டரில் 42,000 என்று இருக்கிறது. ஓடியது 42,000 மைலா? 1,42,000 மைலா? மீட்டருக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும்!

மீட்டரைத் திருப்பி வைத்து ஏமாற்றுவது குற்றம் என்று 1972-ல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் செய்தது. ஆனால் ஓடிய மைலை எழுதித் தரவேண்டும் என்ற மத்திய அரசின் விதியில் இவ்வளவு பழைய கார்களுக்கு விலக்கு இருக்கிறது. சட்டம் கேட்காத இடத்தில் மனச்சாட்சி கேட்க வேண்டும். "தெரியும்" என்றால் தெரியும் என்று சொல்ல வேண்டும். "தெரியாது" என்றால் தெரியாது என்று எழுதித் தர வேண்டும்.

என்ஜினும் அப்படித்தான். அந்த ஆண்டு செவர்லெட்டில் 6 சிலிண்டர் என்ஜினும் உண்டு. 8 சிலிண்டர் என்ஜினும் உண்டு. 8 சிலிண்டர் காரின் எண் "வி" என்ற எழுத்தில் தொடங்கும். முன்கதவை ஒட்டிய தூணில் உள்ள தகட்டில் அந்த எண் இருக்கும். தகடு 6 சிலிண்டர் என்கிறது. உள்ளே இருப்பது 8 சிலிண்டர் என்றால், என்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்றியது குற்றம் அல்ல. மறைப்பது குற்றம்!

துருவும் அப்படியே. வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். சிலர் ஓட்டையில் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள். கெட்டிக்காரர் ஒரு காந்தத்தோடு வருவார். இரும்பில் காந்தம் ஒட்டும். பட்டியில் ஒட்டாது. பொய் கீழே விழுந்துவிடும்!

உயிர் பெரிது!

துருவை மறைத்தால் வாங்குகிறவரின் பணம் போகும். பிரேக்கை மறைத்தால் உயிரே போகும்.

1957-ம் ஆண்டு செவர்லெட்டில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே அறையிலிருந்துதான் போகும். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடலாம்! இன்றையக் கார்களில் எண்ணெய் இரண்டு பிரிவாகப் போகிறது. ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும்.

இடுப்புப் பட்டையும் அன்று கட்டாயம் இல்லை. 1968-ம் ஆண்டுக் கார்களிலிருந்துதான் அமெரிக்க அரசு அதைக் கட்டாயம் ஆக்கியது.

அந்தக் காரை வாங்குகிறவர் தம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவார். பிரேக் குழாய் எப்போது மாற்றியது, டயர் எத்தனை ஆண்டுப் பழையது என்பதை அவர் கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்ல வேண்டும்.

"இருக்கிறபடியே விற்கிறேன். பிறகு என்னைக் கேட்கக்கூடாது" என்று எழுதி வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. அது விற்பவரை வீண் வம்பிலிருந்து காப்பாற்றும். ஆனால் தெரிந்தே பொய் சொன்னவரை அந்தச் சீட்டு காப்பாற்றாது.

விற்பவரும் ஏமாறக்கூடாது

நாணயம் வேறு, ஏமாளித்தனம் வேறு.

வங்கிச் செக் என்று சொல்லிப் போலிச் செக்கைக் கொடுக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். "அதிகமாகப் பணம் அனுப்பிவிட்டேன். மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பது அவர்களுடைய தந்திரம். பணம் உண்மையாகவே வந்துவிட்டது என்று வங்கி உறுதி சொல்லும்வரை சாவியைக் கொடுக்கக்கூடாது.

காரின் உரிமைச் சீட்டு தாத்தா பெயரில் இருந்தால், முதலில் சட்டப்படி வாரிசு பெயருக்கு வழி செய்ய வேண்டும். அண்ணன் தங்கை எல்லோரும் சம்மதித்த பிறகே விளம்பரம் செய்ய வேண்டும். ஒரு காருக்காக ஒரு குடும்பம் உடைந்தால், அந்த நஷ்டத்தை எந்த விலையும் ஈடு செய்யாது.

யாருக்குக் கொடுப்பது?

இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார். காரைப் பிரித்துச் சாமான்களாக விற்பது அவர் எண்ணம். மற்றொருவர் கொஞ்சம் குறைவாகத் தருகிறார். மனைவி மக்களோடு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டுவேன் என்கிறார்.

குடும்பத்துக்குப் பணம் அவசரத் தேவை என்றால் முதலாமவருக்கு விற்பதில் குற்றம் இல்லை. அந்த அவசரம் இல்லாதவர்கள் இரண்டாமவருக்குக் கொடுப்பதே நியாயம். குடும்பத்துக்காகச் செய்த கார் குடும்பத்தோடு ஓடட்டும்!

அன்று பாட்டியை முன் இருக்கையில் உட்கார வைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். பிறகு சாவியைப் பாட்டி கையாலேயே கொடுக்கட்டும்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும். கொட்டகை காலியாகும். பணம் வரும், செலவாகிவிடும்.

ஆனால், "அவர் சொன்னபடியே கார் இருந்தது" என்று வாங்கியவர் பல ஆண்டு கழித்தும் சொல்வார். தாத்தாவுக்கு அதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேறு இல்லை!