காலாவதியாகும் கடவுச்சொற்கள்

கடவு என்னும் சொல்லுக்கு வழி என்று பொருள். வழிவிடுவதற்கென்று பிறந்த கடவுச்சொல், நம் அலுவலகக் கணினிகளில் வழிமறிக்கும் வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

நான் பணியாற்றும் திருச்சிக் கல்லூரியில் 45 நாட்களுக்கொருமுறை கடவுச்சொல் காலாவதியாகிவிடும். சென்ற பருவத்தில், அகமதிப்பெண் பதிவேற்றத்தின் இறுதி நாளன்று, ஓய்வுபெற ஓராண்டே எஞ்சியிருக்கும் எங்கள் துறைப் பேராசிரியர் கணினிமுன் திகைத்து அமர்ந்திருந்தார். புதிய சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு வேண்டும். பழையவற்றுள் ஒன்றாகவும் இருத்தல் கூடாது. மூன்றுமுறை பிழைத்ததும் கணக்கு பூட்டிக்கொண்டது. அறுபது மாணவர்களின் மதிப்பெண்கள் அவர் கைத்தாளிலேயே தங்கிவிட்டன. மறுநாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.

தொல்காப்பியத்தை முப்பதாண்டுகளாக நூலைப் பாராமல் நடத்துபவர் அவர். அவருக்கா நினைவாற்றல் இல்லை? இன்று அவருடைய கடவுச்சொல் ஒரு துண்டட்டையில் எழுதப்பட்டு விசைப்பலகையின் அடியில் கிடக்கிறது. அது துறை முழுவதற்கும் தெரியும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

என் கதையும் வேறன்று. ஓர் ஆற்றின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி (தமிழெழுத்தை அந்தக் கட்டம் ஏற்பதில்லை) இறுதியில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணை மட்டும் ஏற்றி வந்தேன். உலகமே இதைத்தான் செய்கிறது. 2010-இல் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான பழைய சொல்லை அறிந்தவர் புதியதை ஊகிக்க இயலுமா என்று ஆராய்ந்தனர். 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்துக்கும் குறைவான முயற்சிகளே போதுமானவையாக இருந்தன.

இவ்விதிக்கு வலுச்சேர்த்த அமெரிக்க அரசு வழிகாட்டியை எழுதிய பில் பர், தாம் எழுதியவற்றுள் பலவற்றிற்காக வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். வழிகாட்டியை வெளியிட்ட தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமும் அவ்வாண்டே கட்டாயக் கால மாற்றத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அதை நீக்கிவிட்டது. எழுதியவரே வருந்திய விதியை நாம் வேதமாக ஓதிக்கொண்டிருக்கிறோம்.

களவு போனால் என் செய்வது என்பார்கள். போனால் அன்றே மாற்றுவோம். சாவி தொலைந்தால் பூட்டை மாற்றுவதுதான் வழக்கம்; நாள் பார்த்து மாற்றுவாரில்லை. நான் வாழும் திருவரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்து ஏழு மதில்கள் நிற்கின்றன. ஒன்றைக் கடந்தவன் அடுத்ததன் முன் நிற்க வேண்டும். ஒரே கதவின் பூட்டை ஓயாமல் மாற்றுவதைக் காட்டிலும், இரண்டாவது மதில் எழுப்புவதே காவல்.

ஆகவே நிர்வாகிகளிடம் கேட்பது இவ்வளவே: நீண்ட சொற்றொடரை ஏற்றுக்கொள்ளுங்கள், கசிந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், இரண்டாவது சரிபார்ப்பு ஒன்றைச் சேருங்கள். அதற்குப் பின்னும் பேராசிரியர் மறந்தால், தாராளமாகக் குறிப்பாணை அனுப்புங்கள்.