பாலுக்கு ரயில் ஓடியது, பாட்டாளிக்கு ஓடவில்லை



கொரோனா ஊரடங்கு முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆஸ்பத்திரிக் கணக்கையும் தடுப்பூசிக் கணக்கையும் எழுதி முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். நம்முடைய கணக்கு மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, சித்தூர் வட்டாரங்களில் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் கட்டட வேலையிலும் விசைத்தறியிலும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் 2020-லும் 2021-லும் பட்ட பாட்டைச் சர்க்கார் புள்ளிவிவரத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2020 மார்ச் 22-ந் தேதியோடு நாடெங்கும் பிரயாணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. 24-ந் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் ஊரடங்கு என்றார். நாலு மணி நேர அவகாசம்! சம்பளம் வாங்கவா, அரிசி வாங்கவா, ஊருக்குப் போகவா, எதற்குப் போதும் அந்த நாலு மணி நேரம்? மார்ச் 29-ந் தேதி மத்திய உள்துறை இன்னொரு உத்தரவு போட்டது. மாநில எல்லைகளையும் மாவட்ட எல்லைகளையும் மூடு, புறப்பட்டுவிட்டவர்களை 14 நாள் தனிமையில் வை என்றது. அதே உத்தரவில் முதலாளிகள் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்றும் இருந்தது. முதல் பாதியை அமல்படுத்தப் போலீஸ் இருந்தது. இரண்டாம் பாதியை அமல்படுத்த யார் இருந்தார்கள்? மே மாதம் 18-ந் தேதியோடு சம்பள உத்தரவு காலாவதியாகிவிட்டது.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயில் நின்றது என்று சொல்வது பாதி உண்மை. சரக்கு ரயில் ஒரு நாளும் நிற்கவில்லை. நெல், கோதுமை, நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தன. ஊரடங்கின் இரண்டாம் நாளான மார்ச் 26 முதல் நம் ரேணிகுண்டாவிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்கு 'தூத் துரந்தோ' என்ற பெயரில் பால் ரயில் விட்டார்கள். அதைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. டெல்லிக் குழந்தைகளும் குழந்தைகள்தாம். ஆனால் பாலுக்கு இரண்டே நாளில் யோசனை வந்தது. பாட்டாளிக்கு யோசனை வர 40 நாள் ஆயிற்று. மே 1-ந் தேதிதான் முதல் 'சிரமிக்' ரயில் தெலுங்கானா லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்ட் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. மே 6-ந் தேதி காட்பாடியிலிருந்தும் ஜார்க்கண்டுக்கு ஒரு ரயில் போயிற்று. வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் பலர் அதில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் 4,600-க்கும் மேற்பட்ட ரயில்களில் 60 லட்சத்துக்கும் அதிகமான பேர் போனதாகக் கணக்கு.

அந்த ரயிலுக்குக் காத்திருக்க முடியாமல் நடந்தவர்களின் கதியை நாடே பார்த்தது. மே 8-ந் தேதி விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் கர்மாட் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறிவிட்டது. அவர்கள் நடந்ததே ஊருக்குப் போக ஒரு ரயில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

டிக்கட் காசு யார் கொடுப்பது என்று மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் கட்சிகளும் ஒரு மாதம் வாக்குவாதம் செய்தன. அதற்குள் பலர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டார்கள். மே 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான், தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது உறுதியாயிற்று.

இது தூரதேசத்துக்காரர்களின் கதை. நம் கதை வேறு மாதிரி. ஊர் எங்கே என்றால், திருத்தணிக்குப் பக்கம், பள்ளிப்பட்டுக்குப் பக்கம், பொன்னைக்குப் பக்கம் என்று சொல்கிற ஆட்கள் நாம். ஆயிரம் மைல் போகிறவனுக்கு மே மாதத்தில் ஒரு ரயிலாவது வந்தது. முப்பது நாற்பது கிலோமீட்டரில் ஊர் உள்ளவனுக்கு எந்த ரயிலும் விடவில்லை. அவன் முன்னால் இருந்தது எல்லைச் சோதனைச் சாவடி. அங்கே இ-பாஸ் கேட்டார்கள். செங்கல் சூளையில் கிடப்பவன் இ-பாஸுக்கு எங்கே போவான்? காரணம் எழுத வேண்டும், ஆதாரம் இணைக்க வேண்டும், செல்போனில் இணையம் வேண்டும். 'வேலை போச்சு, சோறு இல்லை' என்பதைக் காரணமாக ஏற்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அதற்கும் மேலே போனது 2020 ஏப்ரல் கடைசியில் நடந்தது. வேலூர் மாவட்ட நிர்வாகம் சைனகுண்டா அருகே குடியாத்தம்-பலமநேர் சாலையிலும், பொன்னை-சித்தூர் சாலையிலும் நடுச்சாலையில் சுவர் எழுப்பியது. தேசத்துக்கும் தேசத்துக்கும் நடுவில் கட்டுகிற சுவரை மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் கட்டினார்கள். இரு பக்கமும் கூச்சல் எழுந்ததும் ஓரிரு நாளில் இடித்து அகற்றினார்கள்.

அந்த எல்லையின் வயது என்ன? 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை கார்வேட்டிநகரம் ஜமீனும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். அந்த மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. கோடு போட்டவர்கள் கோடு போட்டார்கள். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சாவுக்குப் போகவும் பிரசவத்துக்குப் போகவும் இந்தச் சாலைதான்.

நோய் பயம் பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியது. சித்தூர் மாவட்டத்திலும் அதன் தொடர்பில் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். எல்லையில் சோதனை வேண்டும், தனிமை வேண்டும் என்பது நியாயம். ஆனால் சோதனை செய்கிறவன் டாக்டராக இருக்க வேண்டும். தனிமைப்படுத்தினால் அங்கே சோறும் கூரையும் இருக்க வேண்டும். 'இந்தப் பக்கம் வராதே' என்று இருவரும், 'அந்தப் பக்கம் போகாதே' என்று இருவரும் சொன்னால், மனிதன் நடுச்சாலையில்தான் நிற்க வேண்டும்.

இதைத் தமிழர்-தெலுங்கர் சண்டையாக்கிக் குளிர்காய நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்துவோம். 2021 மே மாதத்தில் ஆந்திராவிலிருந்து ஐதராபாத்துக்கு நோயாளிகளை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ்களைத் தெலுங்கானா போலீஸ் எல்லையிலேயே மடக்கியது. ஐகோர்ட் தலையிட வேண்டியதாயிற்று. அங்கே இரு பக்கமும் பேசுவது ஒரே தெலுங்குதானே? ஆக, பாஷை காரணமில்லை. தன் எல்லைக்குள் ஓட்டு உள்ளவனுக்கே சர்க்கார் பதில் சொல்கிறது. வெளியூர்க்காரன் விழுந்தாலும் எழுந்தாலும் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் நஷ்டமில்லை.

இது புதிதும் அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது, வெள்ளைக்காரன் 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தான். சென்னை மாகாணத்தில் ரயில் பிரயாணிகளை இறக்கிச் சோதித்து, 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, போன ஊரில் அதிகாரி முன் ஆஜராகச் சொன்னார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை மண்டபத்தில் முகாம் போட்டு, நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்தார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை சர்க்கார். இன்றும் அந்த இடத்துக்கு மண்டபம் கேம்ப் என்றே பெயர். 2020-ல் மாநிலங்கள் கையில் எடுத்ததும் அதே 1897-ம் வருஷத்துச் சட்டம்தான். அதில் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தடுத்து வைக்கப்பட்டவனுக்குச் சோறு போடு என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டார்கள்: ஊரடங்கில் ஊர் திரும்பும்போது எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் செத்தார்கள்? அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. கணக்கு இல்லாததால் நஷ்ட ஈடு என்ற பேச்சே எழவில்லை. இதுதான் நம் வியாதியின் வேர். ஓட்டுப் பட்டியல் ஊரில், உழைப்பு இங்கே. ரேஷன் கார்டு ஊரில், வயிறு இங்கே. காண்ட்ராக்டர் நோட்டில் நாம் தலை எண்ணிக்கை, பெயர்கூட இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவனை நடுச்சாலையில் நிறுத்துவது சுலபம்.

எண்ணும்படி சட்டம் சொல்லாமல் இல்லை. 1979-ம் வருஷத்து மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பாஸ்புத்தகம் கொடுக்க வேண்டும், இடப்பெயர்ச்சிப் படியும் வழிச்செலவும் தர வேண்டும் என்றது. அஞ்சு பேர் இருந்தாலே அது செல்லும். நம்மில் எத்தனை பேர் அந்தப் பாஸ்புத்தகத்தைக் கண்ணால் பார்த்தோம்? அந்தச் சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அஞ்சு பேர் என்பது பத்துப் பேர் ஆயிற்று. இடப்பெயர்ச்சிப் படி போயிற்று. காண்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்தவனையும் சேர்த்துக்கொண்டது, வருஷத்துக்கு ஒருமுறை ஊர் போய்வர வழிச்செலவு உண்டு என்றது, இவை இரண்டும் லாபம். ஆனால் ஒரு சூளையில் எட்டுப் பேர், ஒரு கட்டடத்தில் ஆறு பேர் என்று வேலை செய்கிற நம் ஆட்களுக்கு அந்த லாபம் எட்டாது.

ஆகவே கிடைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, கிடைக்காததற்குப் போராட வேண்டும்.

ரேஷன் விஷயம் முதலாவது. 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது. ஆந்திரா அதற்கு முன்பே சேர்ந்தது. முன்னுரிமைக் கார்டோ அந்தியோதயா கார்டோ உள்ளவர்கள் இங்குள்ள நியாயவிலைக் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் வராது, அரிசி வரும். முன்னுரிமை இல்லாத கார்டுக்கு இங்கே செல்லாது. தாய்மார்கள் கார்டை எடுத்து அது எந்த வகை என்று பாருங்கள். ஊரில் பாட்டி ஒரு பங்கு வாங்க, நீங்கள் இங்கே ஒரு பங்கு வாங்கவும் வழி உண்டு.

அடுத்து இ-ஷ்ரம் பதிவு. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாத 16 முதல் 59 வயது வரையுள்ள யாரும் காசில்லாமல் பதியலாம். தற்போதைய முகவரி என்ற இடத்தில் ஊர் விலாசத்தை எழுதாதீர்கள். இப்போது இருக்கும் இடத்தை எழுதுங்கள். அப்போதுதான் சித்தூர் மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

பெயர் கொடுத்தால் போலீஸ் தொந்தரவு வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பிளேக் பாஸ்போர்ட்டும் ஒரு பதிவேடுதான்! அதனால்தான் சொல்கிறோம், பட்டியலின் ஒரு பிரதி நம் சங்கத்திடம் இருக்க வேண்டும். யார், எந்தச் சூளை, எந்த மேஸ்திரி, கூலி பாக்கி எவ்வளவு என்று நாமே எழுதி வைக்க வேண்டும். அவர்களுடைய பட்டியல் நம்மைத் தடுக்கப் பயன்பட்டால், நம்முடைய பட்டியல் நம் கூலியைக் கேட்கப் பயன்படும்.

இரண்டு சர்க்காரிடமும் நாம் கேட்பது இதுதான். எல்லையின் இரு பக்கத்துக் கலெக்டர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமல் சாலையை மூடக் கூடாது. மூடினால், எல்லையிலேயே டாக்டரும் தண்ணீரும் சோறும் தங்க இடமும் இருக்க வேண்டும். தினக்கூலிக்காரன் வீடு திரும்ப இணையப் பாஸ் கேட்கக் கூடாது. அரக்கோணம்-ரேணிகுண்டா பாதையில் சரக்கு ரயில் ஓடும் நாள் வரை தொழிலாளருக்கும் ஒரு பிரயாணிகள் ரயில் ஓட வேண்டும். அடைத்து வைத்த நாளுக்குக் கூலி வேண்டும்.

இன்னொரு நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது சுவர் கட்ட ஒரு ராத்திரி போதும் என்று பார்த்துவிட்டோம். சங்கம் கட்ட ஒரு ராத்திரி போதாது தோழர்களே! இந்த மாதமே ஒவ்வொரு சூளையிலும், ஒவ்வொரு தறிக்கூடத்திலும் பெயர் எழுதும் வேலையை ஆரம்பியுங்கள்.