'கொஞ்சந்தானே' வேண்டாமே!

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், என் தங்கை மகன் அச்சு முறுக்கை வேண்டாம் என்றான். "கொஞ்சந்தானேய்யா, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்தினார் எங்கள் பெரியம்மா. அந்த மாவில் முட்டை உண்டு. அவனுக்கோ முட்டை ஒவ்வாமை. அதைச் செல்லம், அடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம்.

கடும் ஒவ்வாமையில் மூச்சுத் திணறினால் அரிப்பு மருந்து போதாது. மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டு, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அந்த ஊசி அம்மாவின் கைப்பையில் இருக்க, பிள்ளை மட்டும் தாத்தா வீட்டில் சாத்தே குழம்பு தொட்டுச் சாப்பிட்டால்? (அதில் வேர்க்கடலைதானே பிரதானம்!) பிள்ளை போகுமிடமெல்லாம் ஊசியும் போகட்டும், தாத்தாவும் டியூஷன் ஆசிரியரும் போடக் கற்கட்டும்.

பெரியவராயிற்றே என்று அன்று நான் வாய் திறக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு முன்பே பெரியம்மாவுக்குப் போன் போட்டுவிடுவேன்.